ஒரு கண் பாதையில், ஒரு கண் வரைபடத்தில்

மாலை ஆறு மணிக்கு மேல் பினாங்கின் ஜார்ஜ்டவுனில் எந்த அடுக்குமாடிக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். நடைபாதைச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நாலைந்து பிள்ளைகள் கைப்பேசியோடு உட்கார்ந்திருப்பார்கள். பெரும்பாலும் அவர்கள் ஆடுவது 'எம்எல்'. முழுப்பெயர் மொபைல் லெஜண்ட்ஸ். ஷாங்ஹாயின் மூன்டன் நிறுவனம் 2016-ல் வெளியிட்டது. அணிக்கு ஐந்து பேர். மூன்று பாதைகள், நடுநடுவே காடு, பாதை நெடுகக் கோபுரங்கள். எதிரியின் கோட்டையை முதலில் உடைக்கும் அணி வென்றது. ஓர் ஆட்டம் முடியக் கால் மணி நேரம், இழுத்தால் இருபது நிமிடம்.

அதன் நாயகர்களில் நமக்கு வேண்டப்பட்டவர்களும் உண்டு. காத்தோட்காச்சா என்று ஜாவானிய உச்சரிப்பில் வருபவன் வேறு யாருமில்லை, பீமன் மகன் கடோத்கஜன்தான். பாடாங் என்பவன் பழைய சிங்கபுரத்து மல்லன். கலிங்கத்திலிருந்து வந்த பலசாலியை அவன் தோற்கடித்த கதை 'செஜாரா மெலாயு'வில் இருக்கிறது. பாரதம் ஒரு பக்கம்கூடப் புரட்டாத பிள்ளை கடோத்கஜனை எப்படி மடக்கலாம் என்று உங்களுக்குப் பாடம் எடுப்பான். எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. கதைகள் எப்போதும் இப்படித்தான் கடல் தாண்டியிருக்கின்றன.

பதினொரு வயதுப் பெண் ஒருத்தி ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். இடது கட்டைவிரல் நாயகியை நடத்துகிறது. வலது கட்டைவிரல் நான்கைந்து பொத்தான்களுக்கு நடுவே ஓடுகிறது. ஒரு திறனை ஏவிவிட்டால் அது மறுபடி தயாராகச் சில நொடி பிடிக்கும். தன்னுடைய நொடிகளை எண்ணுவதோடு எதிராளியின் நொடிகளையும் மனக்கணக்காக வைத்திருக்கிறாள். திரையின் மேல் மூலையில் நகத்தளவு வரைபடம் ஒன்று. அதில் நடுப்பாதையில் இருந்த எதிரியின் புள்ளி மறைந்துவிட்டது. அவன் காட்டுக்குள் புகுந்துவிட்டான், மேலே வருவானா கீழே வருவானா தெரியாது. "மிட் மிஸ்ஸிங்!" என்று கத்துகிறாள். அவள் தன் நாயகியை விட்டு வரைபடத்துக்குக் கண்ணை ஓட்டியதும் திரும்பியதும் நம் கண்ணுக்குத் தெரியவே இல்லை. உள்ளேயிருந்து அம்மா கூப்பிடுகிறார். "மா, வெய்ட் லா, மேட்ச் முடியல!"

கண்ணும் கவனமும் சேர்ந்து செய்த அந்த வேலையைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப்போகிறோம்.

அமெரிக்காவின் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாஃப்னி பவேலியர் என்ற மூளை அறிவியலாளரிடம் ஷான் கிரீன் என்ற மாணவர் வேலை பார்த்தார். கவனத்தை அளக்கும் கணினிச் சோதனை ஒன்றை எழுதி, அதைத் தானே செய்து பார்த்தார். மதிப்பெண் நம்பவே முடியாத அளவுக்கு உயரமாக வந்தது. நிரலில் ஏதோ தவறு என்று நினைத்து நண்பர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்; அவர்களும் அப்படியே வாங்கினார்கள். மற்றவர்களை உட்காரவைத்தபோது எதிர்பார்த்த மதிப்பெண்தான் வந்தது. நண்பர்கள் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: சுட்டுத்தள்ளும் கணினி விளையாட்டுகளை மணிக்கணக்கில் ஆடுபவர்கள்.

2003-ல் 'நேச்சர்' இதழில் வெளியான அவர்களது கட்டுரை இந்தத் துறைக்குப் பிள்ளையார் சுழி. திரையில் சில சதுரங்களை நொடியின் சிறு பகுதி மட்டும் காட்டி எத்தனை என்று கேட்டார்கள். கேம் ஆடாதவர்கள் மூன்று சொச்சம் வரைக்கும் பார்த்த மாத்திரத்தில் சொன்னார்கள். ஆடுபவர்களுக்கு அந்த எல்லை கிட்டத்தட்ட ஐந்து. கூர்ந்த கண் இருப்பவர்கள்தான் இத்தகைய விளையாட்டுக்குப் போகிறார்களோ என்ற சந்தேகம் நியாயமானது. அதையும் சோதித்தார்கள். ஆடிப் பழக்கமில்லாதவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு 'மெடல் ஆஃப் ஹானர்' என்ற போர் விளையாட்டு, மற்றதற்கு டெட்ரிஸ். நாளுக்கு ஒரு மணி நேரம், பத்து நாள். சுட்டவர்களின் கவனம் விரிந்தது. கட்டைகளை அடுக்கியவர்களுக்கு அந்த அளவுக்கு விரியவில்லை.

பெற்றோரிடம் இதைச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். ரத்தம் தெறிக்கும் விளையாட்டு கவனத்தை வளர்க்கிறது, சாதுவான விளையாட்டு வளர்க்கவில்லை என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் ரத்தத்துக்கும் பலனுக்கும் தொடர்பில்லை. எதிர்பாராத இடத்திலிருந்து எதிர்பாராத நேரத்தில் ஏதோ ஒன்று பாய வேண்டும். பரந்த பரப்பைக் கண்காணித்துக்கொண்டே ஒரு புள்ளியில் குறிவைக்க வேண்டும். யோசிக்க நேரம் இருக்கக்கூடாது. இவை இருந்தால் போதும், துப்பாக்கிக்குப் பதில் முயல் இருந்தாலும் சரி. முயல் என்று சும்மா சொல்லவில்லை.

இத்தாலியின் பதுவா நகரில் சாந்த்ரோ ஃப்ரான்செஸ்கினியும் ஆந்த்ரேயா ஃபக்கொயெத்தியும் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளோடு வேலை செய்தார்கள். அறிவில் குறையில்லை, பார்வையில் குறையில்லை, பள்ளிக்கும் ஒழுங்காகப் போகிறார்கள். ஆனால் வாசிக்க உட்கார்ந்தால் எழுத்துகள் ஒன்றோடொன்று மோதும். சுமார் பத்து வயதுள்ள இருபது பிள்ளைகளைப் பத்துப் பத்தாகப் பிரித்தார்கள். 'ரேமன் ரேவிங் ராபிட்ஸ்' என்ற, கிறுக்குப் பிடித்த முயல்கள் அட்டகாசம் செய்யும் விளையாட்டிலிருந்து வேகமான சிறு ஆட்டங்களை ஒரு குழுவுக்கும், நிதானமான சிறு ஆட்டங்களை மற்றதற்கும் கொடுத்தார்கள். ஒரு தடவைக்கு எண்பது நிமிடம், மொத்தம் ஒன்பது தடவை. ஆகப் பன்னிரண்டு மணி நேரம். அந்த நேரத்தில் ஓர் எழுத்துகூட யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

வேகமான ஆட்டம் ஆடிய பத்துப் பேரின் வாசிப்பு வேகம் கூடியது, பிழை கூடாமலே. அப்படிப்பட்ட பிள்ளை சிகிச்சை எதுவும் இல்லாமல் ஓராண்டில் இயல்பாக எட்டும் முன்னேற்றத்தைவிட அது அதிகம். 2013-ல் 'கரன்ட் பயாலஜி' இதழில் இது வெளியானபோது பலர் புருவம் உயர்த்தினார்கள். பத்துப் பேரை வைத்து எதையும் அறுதியிட முடியாது என்பது சரியான ஆட்சேபம்.

முயல் விரட்டுவதற்கும் வாசிப்பதற்கும் என்ன சம்பந்தம்? வாசிக்கும் கண் வரியில் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவித் தாவிப் போகிறது, நொடிக்கு நாலு தாவல் அளவில். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் சில எழுத்துகளைப் பிடித்து, பக்கத்து எழுத்துகளின் நெரிசலை ஒதுக்கி, அடுத்து எங்கே இறங்குவது என்பதையும் ஓரக்கண்ணால் தீர்மானிக்க வேண்டும். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகள் பலருக்கு எழுத்தையும் ஒலியையும் பொருத்துவது சிரமம். சிலருக்கு அதற்கும் முன்னதாக, கவனத்தை ஓரிடத்திலிருந்து பிடுங்கி இன்னோரிடத்தில் நடுவதே சிரமம். மேல் மூலை வரைபடத்துக்கும் நடுப்பாதைக்கும் இடையே கண்ணை ஓட்டுகிற அந்தப் பெண் பழகுவது இதே வேலையைத்தான்.

ஒன்பது ஆண்டு கழித்துப் பெரிய சோதனை வந்தது. இத்தாலியின் ட்ரெண்டோ பல்கலைக்கழகமும் பவேலியர் அப்போது சேர்ந்திருந்த ஜெனீவா பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்தது. இந்த முறை டிஸ்லெக்சியா இல்லாத, 8 முதல் 12 வயதுள்ள 151 பள்ளிப் பிள்ளைகள். ஒரு பாதிக்கு ஆய்வாளர்களே உருவாக்கிய 'ஸ்கைஸ் ஆஃப் மனவாக்' என்ற விளையாட்டு. பறக்கும் துணைவிலங்கோடு ஒரு கோளைக் காப்பாற்றுவது கதை. வன்முறை கிடையாது, வேகமும் எதிர்பாராமையும் உண்டு. மற்ற பாதிக்கு ஸ்கிராட்ச் என்ற பிள்ளைகளுக்கான நிரல் எழுதும் கருவி. இரண்டுமே வாரம் இரண்டு மணி நேரம், ஆறு வாரம். முதல் குழுவின் கவனக் கட்டுப்பாடு தெளிவாக உயர்ந்தது. வாசிப்பின் வேகமும் துல்லியமும் உயர்ந்தன. ஆறு மாதம் கழித்தும் அது நின்றது. ஓராண்டுக்கு மேல் போன பிறகு அவர்களுடைய இத்தாலிய மொழிப் பாட மதிப்பெண்ணிலேயே வித்தியாசம் தெரிந்தது. ஒப்பீட்டுக் குழுவுக்குக் கொடுத்ததும் பயனுள்ள ஒரு வேலைதான் என்பதைக் கவனியுங்கள். சும்மா உட்காரவைத்துவிட்டு ஒப்பிடவில்லை.

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அங்கே முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளை ஒரே நேரத்தில் மூன்று மொழி வாசிக்கப் பழகுகிறது. மலாய் ரூமி எழுத்து இத்தாலியம் மாதிரி: எழுதியபடியே ஒலிக்கும். ஆங்கிலம் அப்படி அல்ல என்பது ஊருக்கே தெரியும். தமிழில் எழுத்தின் பட்டியல் நீளம். கொம்பும் காலும் எழுத்துக்கு முன்னும் பின்னும் நிற்கும், 'கொ' என்று வாசிக்கக் கண் இரண்டு பக்கமும் பார்த்தாக வேண்டும். பதுவா முடிவை அப்படியே இந்தப் பிள்ளைக்குப் பொருத்துவது அவசரம். ஆனால் மூன்று மொழிக்கும் கவனம் என்ற முதல் ஒன்றுதான், அது வளர்ந்தால் மூன்றுக்கும் ஆகும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை.

அப்படியென்றால் கேம் ஆடினால் மூளை வளரும் என்று விளம்பரம் செய்கிறார்களே, அது? இங்கேதான் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். 2010-ல் பிரிட்டனில் ஏட்ரியன் ஓவன் குழு 11,430 பேரை ஆறு வாரம் 'மூளைப் பயிற்சி' விளையாட்டுகளை ஆடவைத்தது. எதை ஆடினார்களோ அதில் தேறினார்கள். பக்கத்து வேலையில்கூட அது உதவவில்லை. இப்படிப்பட்ட விளையாட்டுகளை விற்ற லுமோசிட்டி நிறுவனம் ஆதாரமில்லாத விளம்பரத்துக்காக 2016-ல் அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்டியது. டெட்ரிஸில் கை தேர்ந்தவர்களை 2002-ல் சோதித்த சிம்ஸும் மேயரும் இன்னும் வேடிக்கையான ஒன்றைக் கண்டார்கள். அவர்கள் மனத்துக்குள் உருவங்களைச் சுழற்றுவதில் கெட்டிக்காரர்கள், அந்த உருவங்கள் டெட்ரிஸ் கட்டை மாதிரி இருந்தால் மட்டும்.

2020 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கவனக்குறைவு உள்ள 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு மருத்துவர் எழுதித்தரும் விளையாட்டு ஒன்றை முதன்முறையாக அனுமதித்தது. பெயர் எண்டவர்ஆர்எக்ஸ். 348 பிள்ளைகளிடம் நடந்த சோதனையில் கணினி அளந்த கவனம் கூடியது. வீட்டில் பெற்றோர் கண்ட அறிகுறிகளில் ஒப்பீட்டுக் குழுவைவிடப் பெரிய மாற்றம் தெரியவில்லை. இரண்டு வரியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

என் கணிப்பு இது. 'கல்வி விளையாட்டு' என்ற ஒட்டுச்சீட்டைப் பார்த்து வாங்குவது வீண். பெருக்கல் வாய்ப்பாட்டுக்குப் பொம்மைச் சட்டை போட்டுவிட்டால் அது கேம் ஆகிவிடாது. பிள்ளை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும். எந்த விளையாட்டு பிள்ளையிடம் என்ன வேலை வாங்குகிறது என்று பார்க்க வேண்டும். வாங்குகிற வேலைதான் வளரும், பெரும்பாலும் அது மட்டும்தான் வளரும்.

பினாங்கின் பாயான் லெப்பாஸ் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. 2007-ல் டொராண்டோவில் ஜிங் ஃபெங்கும் சகாக்களும் கேம் பழக்கமில்லாத மாணவ மாணவிகளைப் பத்து மணி நேரம் போர் விளையாட்டு ஆடவைத்தார்கள். ஒரு முப்பரிமாண உருவத்தை மனத்துக்குள் திருப்பிப் பார்க்கும் சோதனையில் சராசரியாக ஆண்கள் முந்துவது பழைய கண்டுபிடிப்பு. பத்து மணி நேரத்துக்குப் பிறகு இரு தரப்பும் முன்னேறினார்கள், பெண்கள் அதிகமாக, இடைவெளி சுருங்கியது. இந்தத் திறன் பொறியியலுக்கும் வடிவமைப்புக்கும் அடித்தளம். 1972-ல் இன்டெல்லும் ஏஎம்டியும் பாயான் லெப்பாஸில் ஆலை போட்ட காலத்திலிருந்து, நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்துச் சில்லுக்குக் கம்பி இணைத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். வடிவமைப்பு மேசையில் அந்த விகிதம் இல்லை. பையன் ஆடினால் "பையன்னா அப்படித்தான்", பெண் ஆடினால் "பொம்பளப் புள்ளைக்கு என்ன கேம்?" என்கிற வீடுகளைப் பார்க்கும்போது இந்தப் பத்து மணி நேரம் நினைவுக்கு வருகிறது.

சில்லு என்றதும் இன்னொரு கதை. 2020 முதல் இரண்டு மூன்று ஆண்டு உலகம் முழுக்கச் சில்லுத் தட்டுப்பாடு. உலகின் சில்லுகளை உறையிட்டுச் சோதிக்கும் வேலையில் ஏறத்தாழ 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. அதன் இதயம் பினாங்கு. பெருந்தொற்றுக் கால நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது முவாரிலும் மலாக்காவிலும் ஆலைகள் அடைபட, வெளிநாட்டுக் கார் ஆலைகள் வரை அது உறைத்தது. விளையாட்டுக் கருவிகளுக்கும் அதே கதி. ஜப்பானில் நின்டெண்டோ ஸ்விட்சும் பிளேஸ்டேஷன் 5-உம் கேட்டவர்களுக்கெல்லாம் கிடைக்கவில்லை. கடைகள் குலுக்கல் போட்டன.

ஹிரோயுகி எகாமி என்ற ஆய்வாளர் அதைப் பார்த்துத் துள்ளியிருக்க வேண்டும். கேம் ஆடுபவர் மகிழ்ச்சியாக இருக்கிறார் என்றால் கேம் காரணமா, மகிழ்ச்சியானவர்தான் கேம் ஆடுகிறாரா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் இந்தத் துறை பல ஆண்டு தவித்தது. வீட்டுக்கு வீடு போய் "உங்களுக்குப் பிளேஸ்டேஷன், உங்களுக்குக் கிடையாது" என்று பங்கு பிரிக்க எந்த ஆய்வாளரிடமும் பணமில்லை. குலுக்கல் அதை இலவசமாகச் செய்துகொடுத்துவிட்டது. 10 முதல் 69 வயது வரையிலானவர்களிடம் திரட்டிய 97,602 கருத்தாய்வுப் பதில்களில், குலுக்கலில் கலந்துகொண்ட 8,192 பேரை எடுத்து, விழுந்தவர்களையும் விழாதவர்களையும் ஒப்பிட்டார்கள். கருவி கிடைத்தவர்களின் மனநலம் மேம்பட்டிருந்தது. மன அழுத்தம் குறைந்திருந்தது. 2024-ல் 'நேச்சர் ஹியூமன் பிஹேவியர்' வெளியிட்டது. நாளுக்கு மூன்று மணி நேரத்தைத் தாண்டியபோது கூடுதல் பலன் தேய்ந்துபோனது. பெருந்தொற்றுக் காலத்து முடிவு என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் இல்லிருப்புக் கற்றல் என்ற பெயரில் பிள்ளைகள் நாலு சுவருக்குள் கிடந்த அந்த மாதங்களில், பக்கத்து பிளாக் தோழனைச் சந்திக்க இருந்த ஒரே திடல் கேம்தான் என்பதை எந்தப் பினாங்குத் தாயும் ஒப்புக்கொள்வார்.

திடல் என்ற விஷயம் இந்த ஊருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பொருந்தும். மலேசியப் பிள்ளை ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியிலோ சீனப்பள்ளியிலோ தேசியப் பள்ளியிலோ படிக்கிறது. பன்னிரண்டு வயது வரை பெரும்பாலும் தன்னினப் பிள்ளைகளோடுதான் சகவாசம். எம்எல் ஆட்டத்தில் அணிக்கு ஐந்து பேர் தேவை. நான்காவது மாடியில் மூன்று தமிழ்ப் பிள்ளைகள் இருந்தால் நாலாவது ஆளாக மூன்றாவது மாடி ஹொக்கியன் பையன் வருவான், அவன் தன் மலாய்க்காரத் தோழனை இழுப்பான். கட்டளைகள் பாதி ஆங்கிலம், பாதி மலாய், திட்டு மட்டும் அவரவர் தாய்மொழியில். ஆசிரியர் திருத்தாத மலாய் அது; ஆனால் நொடிக்குள் புரியவைக்க வேண்டிய மலாய். அடுத்த ஆண்டு இடைநிலைப்பள்ளியில் அது கைகொடுக்கும்.

கனடாவில் பால் அடாச்சியும் சகாக்களும் 2016-ல் செய்த சோதனையில், கனடிய மாணவர்களை அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்காரர் என்று சொல்லப்பட்ட ஒருவரோடு சேர்ந்து ஆடவைத்தார்கள். சில நிமிடம் ஒரே அணியாக நின்று ஜாம்பிகளை எதிர்த்தபின் அவர்களுக்கு அமெரிக்கர்கள் மேலிருந்த எண்ணம் நல்லவிதமாக மாறியிருந்தது. அவர்கள் கல்லூரி மாணவர்கள், பிள்ளைகள் அல்ல. கனடியருக்கும் அமெரிக்கருக்கும் இடையில் பெரிய பகையும் கிடையாது. ஆனால் வன்முறை விளையாட்டு என்றாலும் ஒரே பக்கம் நின்று ஆடினால் மனம் நெருங்குகிறது என்பது கவனிக்கத்தக்கது. 

கெடுதல்கள் இருக்கின்றன, நீட்டாமல் சொல்லிவிடுகிறேன். உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் கேம் அடிமைத்தனத்தை நோய்ப்பட்டியலில் சேர்த்தது. அது சிலருக்கு வரும் நோய், ஆடும் எல்லாருக்கும் அல்ல. திறந்தவெளியில் போதிய நேரம் போகாத பிள்ளைக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு கூடுகிறது. நாயகனுக்குப் புதுச் சட்டை வாங்க 'டைமண்ட்' வேண்டும், டைமண்டுக்கு வெள்ளி வேண்டும். அதிர்ஷ்டம் இருந்தால்தான் கிடைக்கும் என்ற வகைப் பெட்டிகளைச் சூதாட்டத்தின் தம்பி என்றே சொல்வேன். அப்பாவின் இ-வாலட் கடவுச்சொல் பிள்ளைக்குத் தெரியக்கூடாது. கவனம் வளர்வதற்கும் இந்தக் கடைக்கும் எள்ளளவும் தொடர்பில்லை. மேலே சொன்ன எந்தப் பயிற்சிச் சோதனையிலும் பிள்ளைகள் டைமண்ட் வாங்கவில்லை.

எவ்வளவு நேரம்? பிரிட்டனில் 10 முதல் 15 வயதுள்ள ஏறத்தாழ 5,000 பேரிடம் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி 2014-ல் கண்டது: நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆடுபவர்கள் ஆடவே ஆடாதவர்களைவிடச் சற்று நன்றாக இருந்தார்கள், மூன்று மணியைத் தாண்டியவர்கள் சற்று மோசமாக. இரண்டு பக்கமும் வித்தியாசம் சின்னதுதான். பதுவாவிலும் ட்ரெண்டோவிலும் பலன் தந்த மொத்த நேரம் பன்னிரண்டே மணி, அதுவும் பல நாட்களுக்குப் பரப்பியது.

வீட்டில் பெரும்பாலான சண்டை நிமிடக் கணக்கால் வருகிறது. "எட்டு மணியாச்சு, வை" என்றால் அது ஆட்டத்தின் நடுவாக இருக்கும். இது டிவி இல்லை, நிறுத்திவைத்துவிட்டுத் திரும்ப முடியாது; நாலு தோழர்களை அம்போ என்று விட்டுவிட்டு வர வேண்டும், எம்எல் அதற்கு நன்னடத்தைப் புள்ளியையும் குறைக்கும். அந்த நேரத்தில் பிள்ளை கத்துவது அடிமைத்தனத்தால் அல்ல, அணிக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமையால். அதனால் மணியை விட்டு ஆட்டத்தை எண்ணுவது மேல்: பள்ளி நாளில் வீட்டுப்பாடம் முடிந்து இரண்டு ஆட்டம், சரி. காலை ஏழரைக்குப் பள்ளி மணி அடிக்கும் ஊர் இது. ஒன்பதே காலுக்கு "இன்னும் ஒண்ணே ஒண்ணு மா" என்று தொடங்கும் மூன்றாவது ஆட்டத்தைத்தான் தொடங்கவிடக் கூடாது, தொடங்கிவிட்டால் முடிக்கவிடுங்கள்.